வார்ப்பு விடையும் வரலாற்று வாதமும்

சிங்கப்பூர் மாணவர் வரலாற்றுத் தேர்வுக் கட்டுரையை ஆங்கிலத்தில் எழுதுகின்றனர். எனினும் அது தமிழாசிரியர்க்குப் புறம்பான செய்தியன்று. அதே மாணவர்தாம் நம் வகுப்பிலும் கட்டுரை பயில்கின்றனர். ஒரு மொழியில் படிந்த எழுத்துப்பழக்கம் மறுமொழியிலும் தொடர்கிறது.

பள்ளிகளில் பரவலாகப் பயிற்றுவிக்கப்படுவது 'பீல்' என்னும் பத்தியமைப்பு. கருத்து, சான்று, விளக்கம், இணைப்பு என்பன அதன் நான்கு உறுப்புகள். சான்றின்றிக் கருத்துரைப்பதைத் தடுக்கும் அளவில் இது பயனுடையதே. ஆயின் பத்தியின் அமைப்பையே கட்டுரையின் அமைப்பாகக் கொள்ளும்போது குறை தோன்றுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் காணலாம். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் வீழ்ந்தது. பிப்ரவரி 17இல் தேக்காவுக்கு அருகிலுள்ள ஃபேரர் பார்க் திடலில் இந்தியப் படைவீரர்கள் ஜப்பானிய மேஜர் புஜிவாராவிடம் ஒப்படைக்கப்பட்டனர். கேப்டன் மோகன் சிங் அவர்களை இந்திய தேசிய இராணுவத்திற்கு அழைத்தார். 'அவ்வழைப்பை ஏற்றோர்க்கு நாட்டுப்பற்றே முதன்மைக் காரணமா?' என்பது வினா எனக் கொள்வோம்.

வார்ப்பு விடை நாட்டுப்பற்றுக்கு ஒரு பத்தி, சிறைமுகாம் அச்சத்துக்கு ஒரு பத்தி, ஆங்கிலேயர் காட்டிய பாகுபாட்டுக்கு ஒரு பத்தி என வகுக்கும். முடிவில் 'மூன்றும் முக்கியமே' என்னும். ஜான்சி ராணிப் படையையும் சேர்த்துக்கொள்ளும். அப்படை 1943இல் போஸ் வந்த பின்னர் அமைந்தது. அப்பெண்கள் போர்க்கைதிகளும் அல்லர். ஆகவே அச்செய்தி உண்மையாயினும் வினாவுக்கு விடையாகாது.

நல்ல விடை காரணங்களை ஒன்றோடொன்று மோதவிடும். அச்சமே முதன்மை எனில், 1942 டிசம்பரில் மோகன் சிங் ஜப்பானியரை எதிர்த்துக் கைதானது ஏன்? நாட்டுப்பற்றே முதன்மை எனில், படையில் சேராமல் கைதிகளாகவே இருந்தோரை எவ்வாறு விளக்குவது? பாகுபாடு முன்பே இருந்தது. அதனைச் செயலாக மாற்றியது சரணடைவு. இவ்வாறு எழுதும் மாணவர் காரணத்தையும் வாய்ப்பையும் பிரித்தறிகிறார். முடிவும் தானே பிறக்கிறது.

சான்றையும் இவ்வாறே எடைபோடல் வேண்டும். 1945 நவம்பரில் தொடங்கிய செங்கோட்டை விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டோர் கூறியவை தண்டனையின் நிழலில் நின்று கூறியவை. அதனால் அவை பொய்யாகிவிடா. ஆனால் யாரை நோக்கி, எந்நிலையில் கூறப்பட்டவை என்று கேளாமல் அவற்றை மேற்கோளாக்குதல் தகாது.

தமிழாசிரியர் செய்யத்தக்கன இரண்டு. எழுதத் தொடங்குமுன் வினாவுக்கு ஒற்றைத் தொடரில் விடை கூறச் செய்யலாம். 'எனினும்', 'ஆகவே' போன்ற இணைப்புச் சொற்களை நடையழகுக்காகக் கற்பிக்காமல், அவற்றின் இருபுறமும் உள்ள தொடர்களுக்கிடையே அவ்வுறவு உண்மையில் உண்டா என வினவலாம்.

நேரமும் மதிப்பெண்ணும் நெருக்கும் சூழலில் ஆசிரியர் வார்ப்பை நாடுவது இயல்பே. ஆயினும் ஃபேரர் பார்க்கில் நின்ற ஒவ்வொரு வீரனும் விடை எழுதித்தராத ஒரு வினாவை எதிர்கொண்டான். அவனைப் பற்றி எழுதும் மாணவர்க்கு மட்டும் ஆயத்த விடையை அளித்தல், அவ்வரலாற்றையே அவரிடமிருந்து மறைப்பதாகும்.