தேம்ஸில் ஓடிய நைல்

எச். ஜி. வெல்ஸின் ‘உலகங்களின் போர்’ நாவலில், இடிந்த வீடொன்றின் கரி அறைக்குள் கதைசொல்லி பதுங்கியிருக்கிறான். செவ்வாய்க்காரர்களின் இயந்திரக் கை வீட்டுக்குள் நீண்டு வருகிறது. தாழ்ப்பாளைத் தடவிக் கண்டுபிடித்துக் கதவைத் திறக்கிறது. கரியையும் விறகையும் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறது. ஒருமுறை அவன் பூட்ஸின் குதிகாலில் படுகிறது. அலறல் வந்துவிடாமல் அவன் தன் கையையே கடித்துக்கொள்கிறான். கை ஒரு கரிக்கட்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறது.

பைபிள் வாசித்து வளர்ந்தவர்களுக்கு இங்கே யாத்திராகமத்தின் அந்த இரவு நினைவுக்கு வரும். எகிப்தின் மேல் வந்த வாதைகளில் கடைசியாக, தலைச்சன்களை வெட்ட வந்த சங்காரக்காரன் வீடு வீடாகக் கடந்துபோகிறான். உள்ளே இருப்பவர்கள் விடியும்வரை வாசல் தாண்டக் கூடாது. நிலைக்காலில் பூசிய ஆட்டு ரத்தம் அவர்களைக் காத்தது. வெல்ஸிடமும் ஓர் அடையாளம் உண்டு. கதைசொல்லி சற்று முன்புதான், தன்னோடு பதுங்கியிருந்து கூச்சல் போட்ட உதவிக்குருவை அடித்து வீழ்த்தியிருக்கிறான். அந்த உடலில் உள்ள அடியின் தடம் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று நடுங்குகிறான். அங்கே காத்த அடையாளம் இங்கே பயமுறுத்துகிறது. வெல்ஸ் இதை விளக்கவே இல்லை. அதனால்தான் மனசில் தங்குகிறது.

விளக்குகிற வேலையை அந்த உதவிக்குருவிடம் விட்டிருக்கிறார். சோதோம், கொமோரா, நாம் செய்த பாவம் என்ன என்று வாய் ஓயாமல் புலம்புபவர் அவர். வாதைகளைப் பற்றி உரக்கப் பேசியவர் புத்தி பேதலித்து மடிகிறார். நாவலின் உண்மையான வாதைகள் சத்தமில்லாமல் காட்சிகளுக்குள் இருக்கின்றன.

கரும்புகையைப் பாருங்கள். அது மேலே எழும்பும் புகை இல்லை. திரவம்போலக் கனத்துத் தரையில் வழிந்து, பள்ளங்களில் இறங்கித் தேங்கி, கடைசியில் பொடியாகப் படிகிறது. எகிப்தின் ஒன்பதாம் வாதை, கையால் தடவிப் பார்க்கக்கூடிய இருள். அந்த வர்ணனைக்கு வெல்ஸ் எடையும் ஓட்டமும் கொடுத்து வேதியியல் ஆயுதமாக்கிவிட்டார். 1898இல், முதல் உலகப் போரின் நச்சுவாயுவுக்கு முன்பே நூலாக வந்துவிட்டது இது.

அதைவிட எனக்குப் பிடித்தது சிவப்புக் களை. செவ்வாயிலிருந்து விதையாக வந்தது, தண்ணீர் பட்டதும் அசுர வளர்ச்சி கொள்கிறது. தேம்ஸை அடைத்துக் கரைபுரள வைக்கிறது. பட்னி பாலமே அதன் பின்னலில் கிட்டத்தட்ட மறைந்துபோகிறது. நைல் ரத்தமாக மாறிய முதல் வாதைதான் இது. ஆனால் அந்தக் களை சீக்கிரமே நோய் கண்டு வெளுத்து, தொட்டால் ஒடிந்து, ஆற்றோடு கடலுக்குப் போகிறது. காரணம் பூமியின் பாக்டீரியாக்கள். செவ்வாய்க்காரர்களின் சாவுக்கும் அவைதான் காரணம் என்பது பிறகுதான் தெரியவரும். வாசகர் கவனிக்காமலே முடிவை முன்னதாகச் சொல்லிவிட்டார் வெல்ஸ். என்ன நேர்த்தி!

அந்த முடிவுக்கும் யாத்திராகமத்தில் ஒரு வேர் இருக்கிறது. மோசேக்குப் போட்டியாகத் தண்ணீரை ரத்தமாக்கிய, தவளைகளை வரவழைத்த எகிப்தின் மந்திரவாதிகள், பேன்களிடம் தோற்றுப்போகிறார்கள். மிகச் சிறிய பிராணியில்தான் வித்தை கைவிடுகிறது. வெப்பக் கதிரும் முக்காலி இயந்திரங்களும் கொண்டு வந்தவர்களும் மிகச் சிறியதிடம் வீழ்கிறார்கள். அதுவரை எகிப்தின் இடத்தில் இங்கிலாந்து இருக்கிறது என்றுதான் நாம் வாசித்துக்கொண்டிருந்தோம். வாதையாக வந்தவர்களுக்கே வாதை வந்துவிட்டது.

வெல்ஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் பயின்றவர். தாயாரோ பக்தி மிகுந்தவர். இரண்டும் ஒரே பக்கத்தில் சந்திக்கின்றன. பிரிம்ரோஸ் குன்றில் செத்துக் கிடக்கும் செவ்வாய்க்காரர்களைக் கண்டதும் கதைசொல்லிக்கு ஒரு நொடி சனகெரிப்பின் சேனை நினைவுக்கு வருகிறது: ஒரே இரவில் லட்சத்து எண்பத்தையாயிரம் அசீரியர்கள் மாண்ட கதை. அதற்குச் சற்று முன்புதான் கிருமிகள் பற்றிய விளக்கம். அங்கும் அவர் கடவுளின் பெயரை விடவில்லை.

யாத்திராகமம் 7 முதல் 12ஆம் அதிகாரம் வரை ஒருமுறை வாசித்துவிட்டு இந்த நாவலைக் கையிலெடுங்கள். கரி அறைக் காட்சி வரும்போது மெதுவாகப் படியுங்கள்.