பெயர் தொலைந்த நிரல்கள்

இரண்டு தாள்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்றில் மாணவர் பெயர்கள் மட்டும். மற்றதில் மதிப்பெண்கள் மட்டும். இரண்டையும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். பெயர்த் தாளின் உச்சியில் ‘பெயர்’ என்னும் தலைப்பு ஒரு வரியைப் பிடித்துக்கொண்டால் என்ன ஆகும்? முதல் மாணவனின் மதிப்பெண் தலைப்புக்குப் போய்விடும். இரண்டாமவனின் மதிப்பெண் முதல் மாணவனுக்கு வந்து சேரும். கடைசி வரை எல்லாமே ஒரு படி பிசகிவிடும். மூலப் பதிவேடு கையில் இருந்தால் பிழையை நொடியில் கண்டுவிடலாம். அது இல்லாவிட்டால்?

இக்கேள்விக்கு விடை தரும் ஓர் ஆய்வுக் கட்டுரையை இங்கே மதிப்பிடுவோம். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தைச் சேர்ந்த கீத் பேகர்லி, கெவின் கூம்ப்ஸ் ஆகிய இருவரும் எழுதிய இக்கட்டுரை, 2009இல் ‘அன்னல்ஸ் ஆஃப் அப்ளைடு ஸ்டாட்டிஸ்டிக்ஸ்’ என்ற புள்ளியியல் இதழில் வெளிவந்தது.

முதலில் பின்னணி. புற்றுக் கட்டியின் மரபணுக்கள் எந்த அளவில் இயங்குகின்றன என்று அளந்தால், அந்த நோயாளிக்கு எந்த மருந்து பலிக்கும் என்பதை முன்கூட்டியே சொல்லலாம் என்று டியூக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2006இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் எழுதினார்கள். அமெரிக்கத் தேசியப் புற்றுநோய்க் கழகம் வளர்த்துவரும் 60 வகைப் புற்றுநோய் உயிரணுக்களின் அளவீடுகளே இதற்கு அடிப்படை. அட்டவணையில் ஒவ்வொரு நிரையும் ஒரு மரபணு. ஒவ்வொரு நிரலும் ஓர் உயிரணு வகை. ஆனால் வெளியிடப்பட்ட அட்டவணையின் நிரல்களுக்கு மேல் உயிரணுவின் பெயர் இல்லை. மருந்து பலிக்குமா, பலிக்காதா என்பதைக் குறிக்கும் 0, 1 என்னும் எண்கள்தாம் இருந்தன.

பெயரில்லாத நிரல் எந்த உயிரணுவுக்கு உரியது? கட்டுரையாசிரியர்கள் எண்களையே சாட்சிக்கு அழைத்தார்கள். ஒரு நிரலில் ஆயிரக்கணக்கான எண்கள் உள்ளன. அவற்றைப் பொதுவில் கிடைக்கும் கழகத்தின் அட்டவணையோடு ஒவ்வொரு நிரலாக ஒப்பிட வேண்டியதுதான். ஓரிரு எண்கள் தற்செயலாக ஒத்துப்போகலாம். ஆயிரக்கணக்கான எண்கள் வரிசை மாறாமல் ஒத்துப்போகுமா? கைரேகை போல, எண்களே உரியவரைக் காட்டிக் கொடுத்துவிடும்.

அடையாளம் தெரிந்ததும் பிழைகள் வரிசையாக வெளிவந்தன. சில மருந்துகளுக்குப் ‘பலிக்கும்’, ‘பலிக்காது’ என்னும் குறிகள் தலைகீழாக இருந்தன. சில மாதிரிகள் ஒரு தடவைக்கு மேல் இடம்பெற்றிருந்தன. மரபணுப் பட்டியல்களோ, நாம் மேலே கண்ட மதிப்பெண் தாளைப் போலவே ஒரு படி பிசகியிருந்தன. கணக்குப் போட்ட மென்பொருள், பெயர்ப் பட்டியலில் தலைப்பு வரி இருக்கக் கூடாது என்று எதிர்பார்ப்பது!

இது வெறும் கணக்குச் சண்டை அன்று. இந்த முறையைக் கொண்டு நோயாளிகளுக்கு மருந்து தேர்ந்தெடுக்கும் சோதனைகள் 2007இல் டியூக்கில் தொடங்கியிருந்தன. குறி தலைகீழானால், பலிக்காத மருந்து அல்லவா பலிக்கும் மருந்தாகத் தோன்றும்? 2009இல் நிறுத்தப்பட்ட சோதனைகள் 2010இன் தொடக்கத்தில் மீண்டும் நடந்து, அதே ஆண்டில் அடியோடு கைவிடப்பட்டன. 2006ஆம் ஆண்டுக் கட்டுரை 2011இல் திரும்பப் பெறப்பட்டது.

பேகர்லி, கூம்ப்ஸ் கட்டுரையின் சிறப்பு அதன் நேர்மை. ஒவ்வொரு படியையும் வாசகரே செய்து பார்க்கும்படி வெளிப்படையாக வைத்திருக்கிறார்கள். பிழை சிறியது என்பதற்காக அதன் விளைவும் சிறியதாகிவிடாது என்பதை ஐயமறக் காட்டுகிறார்கள்.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. கட்டுரை அதை இன்னும் அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்பது நம் கருத்து. ஒரு நிரல் யாருடையது என்று எண்கள் சொல்லும். அந்தக் குறியை ஏன் இட்டார்கள் என்று சொல்லா. ஒரு படி பிசகைச் சரிசெய்த பிறகும் பட்டியலில் சில பெயர்கள் விளங்காமலே நின்றன. அவற்றுள் இரண்டு, அளவீட்டுக்குப் பயன்பட்ட சில்லில் இல்லாதவை! அவை எங்கிருந்து வந்தன என்பதை எந்த ஒப்பீட்டாலும் அறிய முடியாது. கட்டுரை எளிய கைத்தவறுகளைப் பற்றியே பேசியது. ஆனால் அந்த டியூக் ஆய்வுகளில் தரவுகள் பொய்யாகப் புனையப்பட்டன என்று 2015இல் அமெரிக்க அரசின் ஆய்வு நேர்மை அலுவலகம் முடிவு கூறியது. அதற்கு மூலப் பதிவுகளும் விசாரணையும் தேவைப்பட்டன.

இன்னொரு குறை: தரவுகளையும் கணக்கிட்ட வழியையும் பெயர்களோடு வெளியிடுங்கள் என்று கட்டுரை வேண்டுகிறது. நல்ல வேண்டுகோள்தான். வெளியிடாதவரை யார் கட்டாயப்படுத்துவது? இதழாசிரியர்களின் பொறுப்பை இன்னும் கடுமையாகக் கேட்டிருக்க வேண்டும்.

மாணவர்களே, ஆய்வுக்கூடக் குறிப்பேட்டில் அட்டவணை வரையும்போது, ஒவ்வொரு நிரலுக்கும் மேலே அது எதை அளக்கிறது, எந்த அலகில், எங்கிருந்து எடுத்தது என்று எழுதி வையுங்கள். எழுத அரை நிமிடம் போதும். எழுதாமல் விட்ட பெயர்களைத் தேட இரண்டு அறிஞர்களுக்கு ஆண்டுகள் பிடித்தன.