எர்த்ஸீ: அளவறிந்த மந்திரம்

மிகைக்கற்பனை நாவல் என்றதும் பெரும் படைகளும் போர்க்களமும் நினைவுக்கு வரும். அர்சுலா கே. லெ குவின் படைத்த எர்த்ஸீ நாவல் தொடர் வேறு ரகம். 1968-இல் வெளிவந்த முதல் நாவலை எழுதுமுன் அவர் கதை நடக்கும் உலகின் வரைபடத்தைப் போட்டுக்கொண்டார். கடலும் சிதறிய தீவுகளுமே அந்த உலகம். அங்கே பெரும்பாலோர் மாநிறமோ கறுப்போ கொண்டவர்கள். நாயகன் கெட் கோண்ட் தீவின் ஆட்டிடையன், தோல் செம்பழுப்பு. அன்றைய ஆங்கில மிகைக்கற்பனையில் இது அபூர்வம்.

எனக்கு மிகவும் பிடித்தது அங்குள்ள மந்திரத்தின் கட்டுப்பாடு. ஓரிடத்தில் மழையை வரவழைத்தால் இன்னோரிடத்தில் அது பொய்க்கலாம். அதனால்தான் கெட்டின் குரு ஓகியன், மழையை விரட்டத் தெரிந்தும் விரட்டுவதில்லை. மரத்தடியில் படுத்து, பேசாமல் நனைகிறார். பொறுமையற்ற சீடனுக்கு அது புரிவதில்லை. நமக்கு மெல்லப் புரிகிறது.

பின்னொரு கட்டத்தில், கிழவர் ஒருவரின் புரை விழுந்த கண்களைக் கெட் குணமாக்கிப் படகொன்றைப் பெறுகிறான். அதன் முகப்பில் கண்கள் வரையச் சொல்கிறார் கிழவர். நன்றியைக்கூட இப்படிப் பொருளாக்கிக் காட்டுகிறார் லெ குவின்.

1990-இல் வந்த 'தெஹானு' நாவலில், ஆற்றல் முழுவதையும் ஏற்கெனவே இழந்துவிட்ட கெட் ஆடு மேய்க்கப் போகிறான். நாயகனை அங்கே கொண்டுபோய் நிறுத்தியும் அவன் மதிப்பு குறையாமல் எழுத அசாத்தியத் துணிச்சல் வேண்டும். அந்தத் துணிச்சலுக்காகவே இத்தொடரை முதல் நாவலிலிருந்து வரிசையாகப் படிக்க வேண்டும்.