ஜோடிக்கு எவ்வளவு?

பி.பி.ஏ. மாணவிகளுக்கு நான் பகுதி ஒன்று தமிழ் எடுக்கிறேன். வகுப்புக்குள் நுழையும்போது முந்தைய பீரியடில் எழுதியது போர்டில் அப்படியே இருக்கும். வழக்கமாக அதை அழித்துவிட்டுத்தான் தொடங்குவேன். ஒருநாள் அழிக்கப் போனபோது ‘பீர்’, ‘டயப்பர்’ என்ற இரண்டு சொற்களும் அவற்றுக்கு நடுவே ஓர் அம்புக்குறியும் இருந்தன. “இது என்ன பாடம்மா?” என்று கேட்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். “பிசினஸ் அனலிடிக்ஸ் மேம். ஃபேமஸ் கதை” என்றாள் முன்வரிசையில் இருந்தவள்.

கதை என்று அவள் சொன்னதால் எனக்கு அதில் வேலை வந்துவிட்டது. கதையை வாசிக்கத்தானே நாங்கள் படித்தோம்? அந்தப் பாடத்தின் புத்தகத்தையும் குறிப்புகளையும் வாங்கி வந்து, ஒரு நாவலை வாசிப்பதுபோல் வாசித்தேன். வணிகப் பகுப்பாய்வு, வணிக உருமாற்றம் என்ற பெயர்களில் இன்று ஊருக்கு ஊர் இளங்கலைப் படிப்புகள் வந்துவிட்டன. 2024-25 கல்வியாண்டிலிருந்து பி.பி.ஏ. படிப்பு ஏ.ஐ.சி.டி.இ.யின் வரம்புக்குள் வந்தது. மாதிரிப் பாடத்திட்டமும் வெளியானது. திருப்பத்தூர், வாணியம்பாடி, ஆம்பூர் பகுதியில் தமிழ் இலக்கியத்துக்கு விண்ணப்பம் குறைந்துகொண்டே வர, வணிகம் சார்ந்த வகுப்புகள் நிரம்புகின்றன. நிரப்புகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். இத்தனை பெண்கள் வாசிக்கும் ஒரு பிரதியை எந்தப் பெண்ணியத் திறனாய்வும் கண்டுகொள்ளாமல் இருப்பது சரியல்ல.

முதலில் அந்த பீர் கதை. 1992இல் அமெரிக்காவின் ஓஸ்கோ மருந்துக்கடைகளின் விற்பனைச் சீட்டுகளை டெராடேட்டா நிறுவனத்தார் ஆராய்ந்தார்கள். மாலை ஐந்து மணியிலிருந்து ஏழு மணிக்குள் குழந்தைகளுக்கான டயப்பரும் பீரும் ஒன்றாக விற்பது தெரிந்தது. அந்தத் தகவலை வைத்துக் கடைக்காரர் அலமாரியை மாற்றி அடுக்கவில்லை. ஆனால் கதை வளர்ந்தது. வேலை முடிந்து வீடு திரும்பும் அப்பா, மனைவி சொன்னதற்காக டயப்பர் வாங்க வருகிறார். வந்த இடத்தில் தனக்கு ஒரு பீரும் எடுத்துக்கொள்கிறார். அதைக் கண்டுபிடித்த கடை இரண்டையும் பக்கத்தில் வைத்து லாபம் பார்க்கிறது. இப்படித்தான் முப்பது ஆண்டுகளாக வகுப்பறைகளில் சொல்கிறார்கள். இந்தக் கதையில் ஒரு பெண் இருக்கிறாள். குழந்தையோடு நாள் முழுக்க வீட்டில் இருந்தவள், டயப்பர் தீர்ந்ததைக் கவனித்தவள், வாங்கி வரச் சொன்னவள். விற்பனைச் சீட்டில் அவள் இல்லை. சீட்டில் இல்லாதவள் தரவில் இல்லை. கதை சொல்கிறவரும் அவளை ஒரு வாக்கியத்தின் முற்பாதியில் வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விடுகிறார்.

இரண்டாவது கதை இன்னும் புகழ்பெற்றது. 2012இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் சார்லஸ் டூஹிக் எழுதியது. டார்கெட் என்ற அமெரிக்க அங்காடி நிறுவனம், பெண்கள் வாங்கும் பொருள்களை வைத்து அவர்கள் கருவுற்றிருக்கிறார்களா என்று கணிக்கும் முறை ஒன்றை உருவாக்கியது. வாசனையில்லாத லோஷன், சத்து மாத்திரை போன்றவை அதற்குத் தடயங்கள். மினியாபொலிஸ் அருகே ஒரு கடைக்கு ஒருவர் கோபமாக வருகிறார். பள்ளியில் படிக்கும் தன் மகளுக்குக் குழந்தைத் துணி, தொட்டில் ஆகியவற்றுக்கான தள்ளுபடிக் கூப்பன்களை அனுப்பியிருக்கிறீர்களே என்று சத்தம் போடுகிறார். மேலாளர் மன்னிப்புக் கேட்கிறார். சில நாள் கழித்து மறுபடி தொலைபேசியில் பேசும்போது, மன்னிப்புக் கேட்க வேண்டியது நான்தான், மகள் கருவுற்றிருப்பது எனக்குத் தெரியாமல் இருந்தது என்கிறார் அப்பா. இப்படி ஒரு சம்பவம் நடந்ததா என்று சந்தேகித்தவர்களும் உண்டு. வகுப்பில் அந்தச் சந்தேகம் வருவதில்லை. அப்பாவுக்கு முன்பே கணினிக்குத் தெரிந்துவிட்டது என்ற வியப்போடு பாடம் முடிகிறது.

நான் இந்தக் கதையை என் தமிழ் வகுப்பில் மறுபடி சொல்லிவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: அந்தப் பெண் என்ன சொன்னாள்? யாரும் வாய் திறக்கவில்லை. கதை முழுவதும் அவள் ஒரு சொல்கூடப் பேசவில்லை. பேசுகிறவர்கள் அப்பாவும் மேலாளரும். மன்னிப்புகூட ஆண்கள் இருவருக்குள் பரிமாறப்படுகிறது. பிறகு கேட்டேன்: அந்தக் கூப்பன் நம் தெருவில் ஒரு வீட்டுக்கு வந்தால்? இந்த முறை பின்வரிசையிலிருந்து பதில் வந்தது. “படிப்பு நின்னுடும் மேம். அடுத்த முகூர்த்தத்துல கல்யாணம்.” இன்னொருத்தி மெல்லிய குரலில், “கல்யாணம் பண்ணி வெச்சா பரவாயில்லையே” என்றாள். தொலைபேசியை அண்ணன் வாங்கிப் பார்க்கும் வீடுகளிலிருந்து வருகிற பிள்ளைகள் அவர்கள். கணிப்பு சரியா தவறா என்பது பாடப்புத்தகத்தின் கேள்வி. கணிப்பு யார் கைக்குப் போகிறது என்பது அவர்களுடைய கேள்வி. அந்தக் கேள்வி பாடத்திட்டத்தில் எந்த அலகிலும் இல்லை.

மூன்றாவது பிரதி புத்தகத்தில் இல்லாதது. அதை ஒரு மாணவி கொண்டுவந்தாள். இறுதியாண்டில் புராஜெக்ட் செய்ய வேண்டும். அவள் அம்மா வீட்டில் ஷூவுக்கு அப்பர் தைக்கிறவர். கம்பெனியிலிருந்து ஏஜென்ட் வழியாகத் துண்டுகள் வரும். ஊசியால் கையால் தைத்துத் திருப்பித் தர வேண்டும். கூலி ஜோடிக்கு இவ்வளவு என்று. அம்மா ஒரு பழைய நோட்டில் தேதி, வாங்கிய ஜோடி, கொடுத்த ஜோடி, திரும்பி வந்த ஜோடி, கைக்கு வந்த பணம் எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்தார். பல ஆண்டுக் கணக்கு. அதை வைத்துப் பகுப்பாய்வு செய்யலாமா என்று மகள் வழிகாட்டியிடம் கேட்டாள். “இது டேட்டா இல்லம்மா, நோட்டு. நெட்ல இருந்து ஒரு டேட்டாசெட் டவுன்லோடு பண்ணிக்கோ” என்று பதில் வந்தது. அவளும் ஏதோ ஓர் அயல்நாட்டு அங்காடியின் விற்பனைத் தரவை இறக்கி, அழகான வரைபடங்கள் போட்டு, நல்ல மதிப்பெண் வாங்கினாள்.

அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்த யாரும் அதைத் தரவு இல்லை என்று சொல்ல முடியாது. எந்த மாதத்தில் வேலை வரவில்லை, எந்த டிசைனுக்கு எவ்வளவு பீஸ் திரும்பியது, விலைவாசி ஏறிய ஆண்டுகளில் கூலி ஏறியதா எல்லாம் அதில் இருந்தன. இந்தத் தொழிலைப் பற்றி வெளியுலகுக்குத் தெரிந்ததும் இப்படியான கணக்குகள் வழியாகத்தான். 2016இல் சிவிடெப் என்ற இந்திய அமைப்பும் பிரிட்டனைச் சேர்ந்த இரண்டு அமைப்புகளும் ஆம்பூர்ப் பகுதியில் வீட்டிலிருந்து அப்பர் தைக்கும் பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டன. பிரிட்டனில் 40 முதல் 100 பவுண்டு வரை விற்கும் காலணிக்கு, தைத்த பெண்ணுக்கு ஒரு ஜோடிக்கு 10 பென்ஸுக்கும் குறைவாகவே கிடைத்தது என்று அது சொன்னது. விநியோகச் சங்கிலி என்று நம் பிள்ளைகள் ஒரு தாள் முழுக்கப் படிக்கிறார்கள். சங்கிலியின் கடைசிக் கண்ணி அவர்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறது.

‘உருமாற்றம்’ என்ற சொல்லையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். பாடத்தில் அது 1990இல் மைக்கேல் ஹாமர் எழுதிய கட்டுரையோடு தொடங்குகிறது. பழைய வேலைமுறையைக் கணினிமயமாக்கிப் பயனில்லை, அதையே துடைத்தெறி என்பது அவர் வாதம். நம் பகுதி அதற்கு முன்பே ஓர் உருமாற்றத்தைப் பார்த்தது. 1970களில் பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதை அரசு கட்டுப்படுத்தி, முழுமையாகப் பதனிட்ட தோல், காலணி என்று தொழிலைத் திருப்பியது. டேனரியில் ஆண்கள் வேலை செய்தார்கள். ஷூ கம்பெனிகள் வந்தபோதுதான் பெண்கள் வேன் வேனாக வேலைக்குப் போனார்கள். கைக்குக் கொஞ்சம் பணம் வந்தது. மகள் கல்லூரிக்கு வந்ததும் அந்தப் பணத்தில்தான். பாலாற்றுத் தண்ணீர் கெட்டதும் அந்த வளர்ச்சியோடு சேர்ந்த கதை. வேலூர் குடிமக்கள் நலமன்றம் தொடுத்த வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடுகட்ட வேண்டும் என்ற கோட்பாட்டை இந்திய நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. தொழில் உருமாறியபோது யார் லாபம் பார்த்தார், யார் குடத்தைத் தூக்கிக்கொண்டு தூரம் நடந்தார் என்பதற்கு இதைவிட நல்ல பாடம் எங்கே கிடைக்கும்? உள்ளூர் மாணவிக்கு அது பாடமாக வருவதில்லை.

எண்ணுவதே விடுதலை என்று நான் சொல்ல வரவில்லை. ஷூ கம்பெனியின் லைனில் மணிக்கு எத்தனை ஜோடி முடிந்தது என்று போர்டில் எழுதுகிறார்கள். கழிப்பறைக்குப் போய்வரும் நேரம்கூட அந்த எண்ணில் தெரிந்துவிடும். அதே பெண் திருமணம், பிள்ளைப்பேறு என்று வேலையை விட்டு வீட்டிலிருந்து தைக்கத் தொடங்கினால் யாருடைய பதிவேட்டிலும் இல்லை. கம்பெனிக்குள் அளவுக்கு மீறி எண்ணப்படுகிறவள், வீட்டுக்குள் வந்ததும் எண்ணிக்கையிலிருந்தே விழுந்துவிடுகிறாள். இரண்டு இடத்திலும் என்ன எண்ண வேண்டும் என்று முடிவு செய்தவள் அவள் இல்லை.

அரசின் தொழிலாளர் கணக்கெடுப்பில் 92, 93 என்று இரண்டு குறியீடுகள் உண்டு. வீட்டு வேலை மட்டும் செய்கிறவர் 92. வீட்டு வேலையோடு விறகு பொறுக்குவது, வீட்டுத் தேவைக்குத் துணி தைப்பது போன்றவற்றைச் செய்கிறவர் 93. இருவருமே உழைப்பாளர் கணக்கில் வரமாட்டார்கள். கூலிக்கு அப்பர் தைக்கிற பெண் முறைப்படி இந்த இரண்டிலும் சேரக்கூடாது. ஆனால் கதவைத் தட்டிக் கேட்கும்போது, “அவங்க வீட்லதான் இருக்காங்க” என்று கணவர் சொன்னால் எந்த எண் விழும்? 2024இன் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் ஒரு நாளைக்கு 289 நிமிடமும் ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுவதாக வந்தது. அந்த 289 நிமிடத்தின் இடுக்குகளில்தான் அப்பர் தைக்கப்படுகிறது.

குறியீடு மாறினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பகுதியிலேயே சான்று உண்டு. வீட்டில் பீடி சுற்றுகிறவரையும் தொழிலாளி என்று 1966ஆம் ஆண்டின் பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஏற்றுக்கொண்டது. அதனால் எல்லாம் சரியாகிவிடவில்லை. ஆனால் கேட்பதற்கு ஒரு பெயர் கிடைத்தது. அடுத்த வீட்டில் அப்பர் தைக்கிறவருக்கு அப்படித் தனிச் சட்டம் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்வோருக்கான 1996ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையை இந்தியா ஏற்கவும் இல்லை. வீட்டில் நடக்கும் பெண் உழைப்பை நாட்டின் கணக்குகள் எப்படி விட்டுவிடுகின்றன என்று நியூசிலாந்தின் மேரிலின் வேரிங் 1988இலேயே ஒரு நூல் எழுதினார். பகுப்பாய்வுப் பாடத்தில் அவருக்கு ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

இதைப் படிக்கும் தமிழ்த்துறை நண்பர்கள், பார்த்தீர்களா, இலக்கியம் படிக்காமல் இதையெல்லாம் படித்தால் இப்படித்தான் என்று சொல்லக்கூடும். அவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. இந்தப் படிப்பைத் தேர்ந்த பெண் தெளிவோடுதான் தேர்ந்திருக்கிறாள். ஏ.சி. அறையில் உட்கார்ந்து செய்யும் வேலை, தோல் வாடை இல்லாத சம்பளம், சாதியை நினைவூட்டாத ஒரு பதவிப் பெயர் அவளுக்கு வேண்டும். தோலோடு ஒட்டவைத்த இழிவை அறிந்தவர்களுக்கு அந்த ஆசையின் எடை தெரியும். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரில் இருந்த திருமண உதவித் திட்டம், தாலிக்குத் தங்கம் கொடுத்தது. 2022இல் அது உயர்கல்வி உறுதித் திட்டமாக மாறி, அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1000 ரூபாய் என்றானது. நான் பார்த்த நல்ல உருமாற்றங்களில் அது ஒன்று. அந்த ஆயிரத்தில் பஸ்ஸுக்கும் புத்தகத்துக்கும் செலவழித்துக்கொண்டு வருகிறவளைப் பார்த்து, நீ தவறான பாடத்தில் சேர்ந்துவிட்டாய் என்று சொல்ல எனக்கு வாய் வராது. எங்கள் தமிழ்ப் பாடத்தில் மட்டும் அவள் அம்மா இருக்கிறாளா? ஐந்திணைக்கும் தொழில் சொல்லிக்கொடுக்கும் நாங்கள், இந்த ஊரின் தொழிலுக்கு ஒரு பாடம் வைக்கவில்லை.

இந்தப் படிப்பு வேண்டும். அதோடு வேறு சிலவும் வேண்டும். இறக்கிய தரவில் ஒரு புராஜெக்ட் செய்தால், தன் தெருவில் தானே திரட்டிய தரவில் இன்னொன்று செய்யட்டும். டயப்பர் கதையைச் சொல்கிறவர், அதில் சீட்டில் வராதவர் யார் என்றும் கேட்கட்டும். கணிப்பு யார் கைக்குப் போனால் யாருக்கு ஆபத்து என்பதற்கு ஓர் அலகு இருக்கட்டும். இவற்றுக்கு விலையுயர்ந்த மென்பொருள் எதுவும் தேவையில்லை.

அந்த மாணவியின் சேர்க்கை விண்ணப்பத்தைப் பிறகு ஒரு வேலையாகப் பார்க்க நேர்ந்தது. ‘தாயார் தொழில்’ என்ற இடத்தில் அவள் கையெழுத்தில் ‘இல்லத்தரசி’ என்று இருந்தது. ஏம்மா இப்படி எழுதினாய் என்று கேட்டேன். “ஷூ தைக்கிறாங்கன்னு எழுதினா என்ன நினைப்பாங்களோன்னு இருந்துச்சு மேம். அதுவும் இல்லாம, அம்மாவே அப்படித்தான் சொல்லச் சொன்னாங்க” என்றாள். பல ஆண்டாக நோட்டில் ஒரு ஜோடிகூட விடாமல் எழுதிவந்தவர் அந்த அம்மா.

இந்தப் பருவத்தில் என் தமிழ் வகுப்புக்கு ஒரு பயிற்சி கொடுத்திருக்கிறேன். வீட்டில் உழைக்கும் ஒரு பெண்ணிடம் ஒரு நாள் கணக்கைக் கேட்டு, அவர் சொன்ன சொற்களிலேயே ஒரு பக்கம் எழுதிவர வேண்டும். தலைப்பில் அவர் தொழிலின் பெயர் இருக்க வேண்டும். நாற்பத்தெட்டுப் பேரில் இதுவரை பத்தொன்பது பேர் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் வீட்டில் கேட்டுவிட்டு எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.