ஆறு மாதம் என்னும் ஒற்றைக் கணக்கு

சுங்கை பினாங்கில் ஓர் அடுக்குமாடி வீட்டின் சமையலறை ஓரத்தில் அந்தக் கூண்டைப் பார்த்தேன். மூலையில், காய்ந்த புல்லுக்கு நடுவே, தாய் முயல் தன் நெஞ்சிலிருந்து பிடுங்கிப் பரப்பிய வெள்ளை ரோமம். அதை விலக்கினால் கண் திறக்காத ஐந்து குட்டிகள். "கடையில ரெண்டுமே பொட்டைன்னுதான் சொன்னாங்க. ஆறு மாசம்கூட ஆகலையே" என்றார் வீட்டுக்கார அக்கா. தாய்க்கு வயது ஐந்து மாதம்.

முயலுக்கு எல்லாமே ஆறு மாதத்தில் என்பது வளர்ப்பவர்கள் பலரின் கணக்கு. அதில் நன்மை உண்டு. எளிதில் நினைவில் நிற்கும். உடல் முற்றாத முயலை இணை சேர்க்காமல் காக்கும். இளம்வயதில் சினையாகும் முயலுக்குத் தன் எலும்பும் வளர வேண்டும், வயிற்றுக் குட்டியும் வளர வேண்டும். ஈனும்போது சிக்கலும் பால் பற்றாக்குறையும் அங்கிருந்தே தொடங்குகின்றன.

ஆனால் இந்தக் கணக்கு பண்ணையில் பிறந்தது. கொடைக்கானலை அடுத்த மன்னவனூரின் மத்திய அரசு ஆராய்ச்சி மையத்தில் வளரும் ஒயிட் ஜயண்ட், சோவியத் சின்சிலா போன்ற எடைமிக்க இனங்களுக்கு அது ஏறக்குறையப் பொருந்தும். அடுக்குமாடியில் வளரும் நெதர்லாந்து டுவார்ஃப் ஒரு கிலோவைச் சற்றே தாண்டும்; அது நான்கு மாதத்திலேயே பருவமடைந்துவிடும். மிகப் பெரிய இனங்களுக்கோ எட்டு, ஒன்பது மாதம் ஆகும். அதனால்தான் நல்ல பண்ணையாளர்கள் வயதோடு எடையையும் பார்க்கிறார்கள்: இனத்தின் முழு எடையில் முக்கால் பங்கு வந்த பிறகே இணை சேர்ப்பார்கள்.

பெரிய குறை வேறொன்று. மூன்று தனித்தனி முடிவுகளை இந்த ஒரே எண்ணில் அடைத்துவிடுகிறோம். முதலாவது, ஆணையும் பெண்ணையும் பிரித்து வைக்கும் வயது: 10 முதல் 12 வாரம். ஆண் முயலின் விதைகள் இறங்குவது அப்போதுதான். பெண் முயலுக்குச் சூல்முட்டை வெளிப்படுவதே இணை சேர்ந்த பிறகு, சுமார் பத்து மணி நேரத்தில். ஆகவே ஒரு நிமிடக் கவனக்குறைவு போதும், 31 நாளில் குட்டிகள். ஈன்ற அன்றே மறுபடி சினைப்படவும் கூடும். இரண்டாவது, கருத்தடை வயது: ஆணுக்கு நான்கு மாதம் முதல், பெண்ணுக்கு ஐந்தாறு மாதம். காயடித்த ஆணையும் ஆறு வாரம் வரை தனியே வைக்க வேண்டும். உடலில் தங்கிய விந்து அதுவரை கருவுண்டாக்கும். இனப்பெருக்க வயது மூன்றாவதுதான்.

கருத்தடையையும் எடை போட்டே ஏற்க வேண்டும். சண்டையும் சிறுநீர் தெளிப்பும் குறைகின்றன. பெண்ணுக்குக் கருப்பைப் புற்றுநோய் அச்சம் நீங்குகிறது. முதிய பெண் முயல்களில் 80 விழுக்காடு என்று சொல்லப்படும் புற்றுநோய் அளவு ஆய்வுக்கூடக் கூட்டங்களில் கண்டது, எல்லா இனத்துக்கும் அப்படியே பொருந்தாது. ஆனாலும் வயது ஏற ஏற ஆபத்து கூடுவது உண்மை. மறுபக்கம், மயக்க மருந்து முயலுக்கு எளிதல்ல. பிரிட்டனில் 2008இல் வெளியான ஆய்வில் மயக்கம் கொடுத்த முயல்களில் 1.39 விழுக்காடு இறந்தன. நாய்களில் அது 0.17 மட்டுமே. நலமாக இருந்த முயல்களில் 0.73. ஆகவே முயலைக் கையாண்டு பழகிய மருத்துவரையே நாட வேண்டும். அறுவைக்கு முன் பட்டினி போடச் சொன்னால் காரணம் கேளுங்கள். முயலுக்கு வாந்தி வராது, பட்டினியில் குடல் இயக்கம் நின்றால் உயிருக்கே ஆபத்து.

"ஒரு தடவையாவது குட்டி போடட்டும்" என்பது நம் அன்பிலிருந்து வரும் சொல். ஆனால் ஒருமுறை ஈன்றால் முயலுக்கு உடல்நலம் கூடும் என்பதற்கு ஆதாரமில்லை. பினாங்கின் பகல் வெப்பம் 30 பாகையைத் தாண்டும். காற்றில்லாத பால்கனியில் சினை முயல் படும் பாடு கொஞ்சமல்ல. வளர்க்கும் விலங்கின் தேவைகளைக் கவனிப்பதை மலேசியாவின் 2015 விலங்கு நலச் சட்டம் உரிமையாளரின் கடமையாக்கியிருக்கிறது. பிறக்கும் ஐந்து குட்டிகளுக்கும் அது பொருந்தும்.

என் முடிவு இது: ஆறு மாதக் கணக்கு இணை சேர்ப்பதற்கு ஒரு தோராயம், பிரிப்பதற்கு அது மிகவும் தாமதம். அடுக்குமாடி வீட்டில் இனப்பெருக்கமே வேண்டாம். முயல் வீட்டுக்கு வந்த வாரமே ஆணா பெண்ணா என்று மருத்துவரிடம் காட்டுங்கள்; பத்தாவது வாரத்தில் மறுபடி காட்டுங்கள். இரண்டாவது கூண்டை அதற்கு முன்பே வாங்கி வையுங்கள்.