மாடல் எஸ்ஸுக்குப் பிறகு: லூசிட் ஏரா, போர்ஷே டைகானா?

மாடல் எஸ் உற்பத்தியை முடித்துக்கொள்ளப் போவதாக 2026 ஜனவரியில் டெஸ்லா அறிவித்தது. ஃப்ரீமாண்ட் ஆலையில் அந்தக் கார் தயாரான இடம் இனி ஆப்டிமஸ் ரோபோக்களுக்கு. 2012 ஜூனில் முதல் வண்டி வாடிக்கையாளர் கைக்குப் போனதிலிருந்து, மின்சார கார் என்றால் மெதுவாக ஊரும் சின்ன வண்டி என்ற நினைப்பை அடியோடு மாற்றியது இந்த மாடல்தான். இதுவரை அதை ஓட்டியவர்கள் டெஸ்லாவிலேயே தொடர வேண்டுமென்றால், அளவில் ஒரு படி இறங்கி மாடல் 3-க்குப் போக வேண்டும். இறங்க மனமில்லாதவர்கள் வேறு ஷோரூமின் கதவைத் தள்ளித்தான் ஆகவேண்டும்.

மாடல் எஸ் பிளெய்ட் ஓட்டிப் பழகிய கால்களோடு அதற்கு மாற்றாகப் பேசப்படும் இரண்டு கார்களைக் கலிபோர்னியாவின் வளைகுடாப் பகுதியில் ஓட்டிப் பார்த்தேன். ஒன்று லூசிட் ஏர் கிராண்ட் டூரிங், இன்னொன்று போர்ஷே டைகான் 4எஸ். இரண்டும் 1,15,000 டாலரை ஒட்டியோ அதற்கு மேலோ தொடங்குபவை. போர்ஷேயில் அது வெறும் தொடக்கம்தான். ஆப்ஷன் பட்டியலில் கைவைத்தால் விலை கிடுகிடுவென ஏறிவிடும்.

ஓட்டி முடித்தபின் எனக்குத் தெளிவானது இதுதான்: இந்த விலையில் வேகத்தை ஒப்பிடுவது வீண்வேலை. பிராண்டு மாறும்போது வலது காலின் பழக்கம் மாறுகிறது, சார்ஜ் போடும் இடம் மாறுகிறது, வண்டி நின்றால் யாரைக் கூப்பிடுவது என்பதும் மாறுகிறது. பணம் கட்டும் முன் யோசிக்க வேண்டியவை இவைதான்.

காகிதத்தில் இருக்கும் வேகம்

பிளெய்டுக்கு மூன்று மோட்டார், 1,020 குதிரைத்திறன். மணிக்கு 60 மைல் வேகத்தை 1.99 நொடியில் தொடும் என்பது டெஸ்லாவின் கணக்கு. அமெரிக்க டிராக் (drag) பந்தய வழக்கப்படி, வண்டி முதல் ஓரடி நகரும் நேரத்தைக் கழித்துவிட்டுச் சொல்லும் கணக்கு அது. லூசிட் கிராண்ட் டூரிங்குக்கு 819 குதிரைத்திறன், அதே வேகத்துக்கு 3 நொடி. டைகான் 4எஸ் மூன்றிலும் மெலிந்தது: 590 குதிரைத்திறன், 3.5 நொடி.

எண்களை வைத்துப் பார்த்தால் பிளெய்டிலிருந்து டைகானுக்குப் போவது பாதிக்குச் சற்றுக் குறைவான பலத்தை விட்டுக்கொடுப்பது. ஆனால் 101 நெடுஞ்சாலையின் நுழைவுச் சரிவில் ஏறிப் பாருங்கள். சரிவு முடியும் முன்பே மூன்று கார்களும் சட்டம் அனுமதிக்கும் வேகத்தைத் தாண்டியிருக்கும். பிளெய்டின் முழு வீச்சு, பக்கத்தில் இருப்பவரின் தலையை இருக்கையோடு ஒட்டவைக்கும் வேடிக்கை. புதிதாக ஏறுபவருக்குக் காட்டலாம். அவரே இரண்டாம் முறை கேட்கமாட்டார். டைகானின் பின் அச்சில் இரண்டு கியர் உண்டு. மிதியை முழுதாக அழுத்தினால் கியர் மாறும் அந்தச் சின்னத் தட்டு முதுகில் தெரியும். லூசிட்டிலோ வேகம் ஏறுவதே தெரியாது. கண்ணாடியில் பின்னால் வந்த வண்டி காணாமல் போனபோதுதான் மீட்டரைப் பார்க்கத் தோன்றும்.

இதற்கும் மேலே லூசிட் சஃபையர் இருக்கிறது: 1,234 குதிரைத்திறன், இரண்டரை லட்சம் டாலர். போர்ஷே டைகான் டர்போ ஜிடி இருக்கிறது. ரேஸ் டிராக்கில் சந்தா கட்டியிருப்பவர்களுக்கு அவை. அலுவலகம் போய் வருபவருக்கு அந்த எண்களால் பயன் எதுவுமில்லை.

கால் மறக்க வேண்டிய பழக்கம்

டெஸ்லாவிலிருந்து மாறுபவருக்கு முதலில் இடிப்பது பிரேக்தான். மாடல் எஸ்ஸில் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே மோட்டார் ஜெனரேட்டராக மாறி வண்டியை இழுத்துப் பிடிக்கும். பிரேக் மிதியின் வேலை டிஸ்க்கைப் பிடிப்பது மட்டுமே. லூசிட்டும் இதே வழிதான். அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. லூசிட்டைக் கட்டியெழுப்பிய பீட்டர் ராலின்சன், மாடல் எஸ்ஸின் தலைமைப் பொறியாளராக இருந்தவர். அதனால் டெஸ்லாவிலிருந்து லூசிட்டுக்கு மாறும் கால் எதையும் புதிதாகக் கற்க வேண்டியதில்லை.

போர்ஷே நேர் எதிர். காலை எடுத்தால் வண்டி தடையின்றி உருண்டுகொண்டே போகும். ஆற்றலைத் திரும்பப் பிடிக்கும் வேலை பிரேக் மிதியில் இருக்கிறது. 2024-இல் புதுப்பிக்கப்பட்ட டைகான் இப்படி 400 கிலோவாட் வரை பேட்டரிக்குள் திருப்பி அனுப்பும். அன்றாட பிரேக்குகளில் 90 சதவீதம் வரை டிஸ்க்கைத் தொடாமலே முடிந்துவிடும் என்கிறது போர்ஷே. மோட்டார் எங்கே விட்டது, டிஸ்க் எங்கே பிடித்தது என்பது காலுக்குத் தெரிவதே இல்லை. பல ஆண்டுகள் ஒற்றை மிதியில் ஓட்டியவருக்கு முதலில் சிக்னல் ஒவ்வொன்றிலும் மனம் பதறும். பழகிவிட்டால், வண்டியை எந்த இடத்தில் நிறுத்துவது என்பதில் கிடைக்கும் துல்லியம் மற்ற இரண்டிலும் இல்லை. ஷோரூமைச் சுற்றிக் கால்மணி நேரம் ஓட்டும் டெஸ்ட் டிரைவில் இது பிடிபடாது. போக்குவரத்து நெரிசலில் ஒரு மாலையாவது ஓட்டிப் பார்த்து முடிவெடுங்கள்.

மலைச்சாலை

உட்சைடிலிருந்து ஸ்கைலைன் பூலவார்டுக்கு ஏறும் சாலை, வளைகுடாப் பகுதிக்காரர்கள் புதுக் காரை உரசிப் பார்க்கும் இடம். ரெட்வுட் மரங்களுக்கு நடுவே அடுத்தடுத்து வளைவுகள். மூன்றும் இரண்டு டன்னைத் தாண்டும் வண்டிகள். அந்த எடையை எப்படிச் சுமக்கின்றன என்பதில்தான் வித்தியாசம்.

மாடல் எஸ் நேர்கோட்டில் ராஜா. வளைவுக்குள் போனால் ஸ்டீயரிங் கைக்கு எதையும் சொல்லாது. லூசிட் பெரிய கார், ஏர் சஸ்பென்ஷனும் கிடையாது, சாதாரண ஸ்பிரிங்தான். ஆனால் குழிகளை அது விழுங்கும் அழகைப் பார்த்தால் யாரும் நம்பமாட்டார்கள். டைகானில் இருக்கை தரையோடு தரையாக இருக்கிறது. ஸ்டீயரிங்கை நினைத்த அளவுக்குத் திருப்பினால் அந்த அளவுக்கே வண்டி திரும்புகிறது. மூன்றிலும் பலம் குறைந்த காரை இறக்கத்தில்தான் அதிக நம்பிக்கையோடு ஓட்டினேன்.

ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் தடமும் இதைத்தான் சொல்கிறது. பிளெய்ட் 2021-இல் 7 நிமிடம் 30.909 நொடியில் சுற்றியது. 2023-இல் கார்பன் செராமிக் பிரேக் உள்ளிட்ட டிராக் பேக்கேஜ் பூட்டியபின் 7:25.231 ஆனது. மோட்டார் அதேதான். அந்தப் பேக்கேஜால் ஐந்து நொடிக்கு மேல் மிச்சமானது. டைகான் டர்போ ஜிடி 7:07.55-இல் முடித்ததாக 2024 தொடக்கத்தில் போர்ஷே அறிவித்தது. வேகத்தைக் கூட்டுவது மின்மோட்டாருக்குச் சுலபம். சுற்றுக்குச் சுற்று சூடேறாமல் அதைக் கட்டுப்படுத்துவதுதான் காசு கேட்கிறது.

ஐ-5 நெடுஞ்சாலையில்

சான் பிரான்சிஸ்கோவிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் 380 மைல் அளவில். நேர்சாலை, வெயில், கடைசியில் கிரேப்வைன் ஏற்றம். தென்கலிபோர்னியாவுக்குச் சொந்தபந்தங்களைப் பார்க்கப் போகும் எந்தக் குடும்பத்துக்கும் தெரிந்த பாதை.

இங்கே லூசிட்டுக்கு நிகரில்லை. 19 அங்குலச் சக்கரத்தோடு 512 மைல் என்பது அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமையின் மதிப்பீடு. நெடுஞ்சாலை வேகத்தில் அவ்வளவு வராதுதான். வரும் அளவே போதும், சார்ஜ் தேடி வண்டியை ஒதுக்க வேண்டியதில்லை. சாப்பிட நிறுத்தும் இடத்தில் சார்ஜர் இருந்தால் மாட்டலாம், அவ்வளவுதான். பெரிய பேட்டரி மட்டும் இதற்குக் காரணமல்ல. இதே காரின் தொடக்க வடிவமான ஏர் ப்யூர், 84 கிலோவாட் மணி பேட்டரியில் 420 மைல் ஓடுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஐந்து மைல்! டைகான் 4எஸ்ஸின் மதிப்பீடு 300 மைலை எட்டாது. ஒரு நிறுத்தம் கட்டாயம்.

ஆனால் அந்த நிறுத்தம் குட்டையானது. டைகானின் மின்னமைப்பு 800 வோல்ட், லூசிட்டினுடையது 900-த்துக்கும் மேல், மாடல் எஸ் 400 வோல்ட் வகை. வோல்ட் இரட்டிப்பானால் அதே சக்திக்குப் பாதி ஆம்பியர் போதும், கம்பியில் உண்டாகும் சூடு கால்வாசியாகக் குறையும். அதனால்தான் டைகான் 320 கிலோவாட் வரை உள்ளே வாங்குகிறது, 10-லிருந்து 80 சதவீதத்துக்கு 18 நிமிடம். லூசிட்டின் உச்சம் 300 கிலோவாட். மாடல் எஸ் 250-இல் தொடங்கிச் சீக்கிரமே இறங்கிவிடும். அரைமணி நேரத்தை ஒதுக்கி வையுங்கள்.

சிக்கல் இந்த இடத்தில்தான். உயர் வோல்ட் கார்களின் முழு வேகமும் 350 கிலோவாட் சார்ஜர்களில்தான் கிடைக்கும். ஃபோக்ஸ்வாகனின் டீசல் மோசடி வழக்குத் தீர்வுப் பணத்தில் உருவான எலக்ட்ரிஃபை அமெரிக்கா போன்ற நிறுவனங்கள் அவற்றை நடத்துகின்றன. இந்தப் பாதையோரம் இருக்கும் ஹாரிஸ் ராஞ்சில் டெஸ்லாவுக்கு 98 சார்ஜர்கள் வரிசையாக நிற்கின்றன. அந்த வசதிக்குப் பழகியவர், மற்ற நிலையங்களில் கைவிரல்களால் எண்ணிவிடக்கூடிய சார்ஜர்களுக்கு முன்னால் வரிசையில் நிற்கத் தயாராக வேண்டும். லூசிட் ஏருக்கும் 2025 ஜூலையில் டெஸ்லா நிலையங்கள் திறந்துவிட்டன. ஆனால் பழைய நிலையங்களின் வோல்ட் போதாததால் அடாப்டரோடு 50 கிலோவாட்தான் கிடைக்கும். அவசரத்துக்கு உதவும், பயணத்தை அதை நம்பித் திட்டமிட முடியாது. வீட்டில் சார்ஜர் பூட்ட வழியில்லாத அடுக்குமாடிவாசிகள் இந்தப் பத்தியை இரண்டு முறை படிக்கவும்.

உள்ளே உட்கார்ந்தால்

குடும்பத்தோடு போகிறவருக்கு லூசிட். மோட்டார்களைச் சுருக்கிச் செய்ததன் பலன் பின்னிருக்கையில் கால் நீட்டும்போது தெரியும். முன்கண்ணாடி கூரைவரை நீள்வதால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. மத்தியப் பள்ளத்தாக்கின் ஆகஸ்ட் வெயிலில் அந்த வெளிச்சமே உச்சந்தலையில் இறங்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். டைகானின் பின்னிருக்கை இளம்பிள்ளைகளுக்குச் சரி, வளர்ந்தவர்களுக்கு நெருக்கடி. பெரிய பொருட்களை ஏற்றுவதில் மாடல் எஸ்ஸை இரண்டும் நெருங்க முடியாது. பின்கண்ணாடியோடு சேர்ந்து மேலே திறக்கும் அந்த டிக்கியில் சைக்கிளையே படுக்கவைக்கலாம்.

இண்டிகேட்டருக்கும் கியருக்கும் பட்டன், திரை என்று அலைய வைத்தது பிளெய்ட். போர்ஷேயில் இண்டிகேட்டர் தண்டு இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. போனை இணைக்கும் கார்ப்ளே வசதி லூசிட்டிலும் போர்ஷேயிலும் உண்டு, டெஸ்லா அதைத் தராமலே காலம் தள்ளியது. அதேசமயம் மேப், சார்ஜ் திட்டம், போன் செயலி மூன்றும் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் லாகவத்தில் டெஸ்லாவின் மென்பொருள் இன்னும் முன்னால் இருக்கிறது. மேற்பார்வையோடு ஓடும் அதன் தானியங்கி ஓட்டுநர் வசதியை அலுவலகப் பயணத்தில் தினமும் நம்பியிருப்பவருக்கு, பிராண்டு மாறுவதில் இதுவே பெரிய இழப்பு.

பணமும் பயமும்

மூன்று நிறுவனங்களிலும் பெரிய மின்சார செடானின் எதிர்காலம் நிச்சயமில்லை. மாடல் எஸ் கதை முடிந்தது. சவூதி அரசின் முதலீட்டு நிதியத்தைப் பெரும்பான்மைப் பங்குதாரராகக் கொண்ட லூசிட் இன்னும் நஷ்டத்தில்தான் ஓடுகிறது. டைகான் 2024-இல் உலகம் முழுக்க 20,836 மட்டுமே விற்றது, முந்தைய ஆண்டைவிட 49 சதவீதம் குறைவு. கூட்டரசின் மின்கார் வரிச்சலுகையும் 2025 செப்டம்பர் 30-ஓடு நின்றுவிட்டது. டைகான் ஜெர்மனியில் மட்டுமே தயாராவதால் இறக்குமதி வரியும் அதன் விலையில் ஒளிந்திருக்கிறது.

இந்த வகைக் கார்களின் மறுவிற்பனை மதிப்பு மளமளவெனச் சரிவது ஊரறிந்த விஷயம். புதிதாக வாங்குபவருக்கு அது நஷ்டம், இரண்டு வருடம் ஓடிய வண்டியைத் தேடுபவருக்கு அதுவே லாபம். புதியதுதான் வேண்டுமென்றால் லீஸ் எடுங்கள், விலைச்சரிவு உங்கள் தலையில் விழாது. லூசிட் என்றால் உங்கள் வீட்டிலிருந்து சர்வீஸ் மையம் எத்தனை மைல் என்பதை முதலில் கேளுங்கள். போர்ஷேக்கு டீலர்கள் பரவலாக உண்டு, பில்லும் போர்ஷே பில்தான்.

பட்டியலில் இல்லாத இரண்டு பெயர்கள். பிஎம்டபிள்யூ ஐ5 எம்60, 593 குதிரைத்திறனோடு அமைதியான, விலை குறைந்த தேர்வு. அதன் மின்னமைப்பு 400 வோல்ட், சார்ஜ் 205 கிலோவாட்டுக்கு மேல் போகாது. ஷாவ்மி எஸ்யு7 அல்ட்ரா, நூர்பர்க்ரிங்கை 7:04.957-இல் சுற்றி டைகானின் அந்த 7:07.55-ஐயே முந்தியது. சீன மின்கார்களுக்கு அமெரிக்கா 100 சதவீதச் சுங்கவரி போட்டிருப்பதால் இங்கே ஷோரூமில் பார்க்க முடியாது.

என் தீர்ப்பு

வீட்டில் சார்ஜர் இருந்து, மாதம் ஒருமுறையாவது நெடும்பயணம் போகிறவர் என்றால் லூசிட் ஏர். மாடல் எஸ் ஓட்டியவருக்கு அதிகம் பழக வேண்டியிராத மாற்றமும் அதுவே. 819 குதிரைத்திறன் தேவையா என்றும் யோசியுங்கள். ஒரு படி கீழே இருக்கும் டூரிங் வடிவம் பணத்தை மிச்சப்படுத்தும். பின்னிருக்கையில் பெரியவர்கள் ஏறாத வீடு, ஞாயிறு காலை மலைச்சாலைக்காகவே கார் வைத்திருப்பவர் என்றால் டைகான் 4எஸ், அதுவும் இரண்டு வருடம் பழையது. டர்போவுக்குக் கூடுதலாக ஐம்பதாயிரம் டாலருக்கு மேல் கொடுக்க வேண்டாம்.

வீட்டில் சார்ஜர் இல்லாமல் டெஸ்லா நிலையங்களை நம்பியே ஓட்டுபவர், கையிலிருக்கும் மாடல் எஸ்ஸை இன்னும் கொஞ்சகாலம் வைத்திருக்கலாம். உயர் வோல்ட் கார்களுக்கும் முழு வேகம் தரும் புதிய சார்ஜர்களை டெஸ்லா இப்போதுதான் நிறுவத் தொடங்கியிருக்கிறது. அவை உங்கள் வழித்தடத்துக்கு வந்தபின் மாறினால் நஷ்டமில்லை.