'சாமி துரை'யும் சுமந்து போனவர்களும்

இலங்கையில் கண்டிக்குத் தெற்கே, தெல்தோட்டைக்கு அப்பால் லூல்கந்துர தோட்டம். 1852இல் ஸ்காட்லாந்திலிருந்து வந்த ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இங்கே 19 ஏக்கரில் தேயிலை போட்டார். இன்று அது பாரம்பரியச் சின்னம். அவருடைய குடிலில் மிஞ்சிய புகைபோக்கியையும், உட்கார்ந்து மலை பார்த்த கல் இருக்கையையும் பார்க்க ஆட்கள் வருகிறார்கள்.

வரட்டும். பாதுகாக்க வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. ஆனால் இந்த இடத்தைச் சுற்றிச் சொல்லப்படும் கதையைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கணும்.

1892 மே 2இல் டெய்லர் செத்தார். தோட்டத்துக் கூலிகள் முறை மாற்றித் தோள்கொடுத்து உடலைக் கண்டி மகியாவை மயானம்வரை சுமந்தார்களாம். 'சாமி துரை' என்று அழுதபடி பின்னாலே நடந்தார்களாம். தேயிலை வரலாறு எழுதியவர்கள் இந்த இடத்தில் உருகிப்போகிறார்கள். துரைமேல் கூலிக்கு இருந்த அன்புக்கு இதுதான் அத்தாட்சி!

'சாமி' என்கிற சொல்லை நமக்குத் தெரியாதா? ஆண்டையைக் கண்டதும் தோள்துண்டை இடுப்புக்கு இறக்கி, எட்ட நின்று, வாய் தானாகச் சொல்ல வேண்டிய சொல் அது. அன்பு இருந்தாலும் இல்லாட்டியும் சொல்லியாகணும். தஞ்சாவூர், திருச்சி, மதுரைச் சீமைகளிலிருந்து பஞ்சத்துக்கும் பண்ணைக்கும் தப்பிக் கடல் தாண்டினவங்க வாயோடு அந்தச் சொல்லும் போயிருக்கிறது. டெய்லரை அவங்க நேசிச்சிருக்கலாம். ஊர் ஆண்டையைவிட அவர் மேல் என்றுகூடத் தோன்றியிருக்கலாம். ஆனா இந்த ஒரு சொல்லை வச்சு அதை முடிவு கட்ட முடியாது.

சுமந்தவங்க எந்த லயம்? இதை யாரும் எழுதி வைக்கவில்லை. மலையகத் தோட்டங்களில் குடியானவர்களுக்கு ஒரு லயம். பள்ளர், பறையர், சக்கிலியருக்கு வேறு லயம். பெரியகங்காணி பெரும்பாலும் குடியானவர். விடியுமுன் தப்படித்துப் பெரட்டுக்கு எழுப்பியவர் நம்ம ஆள். ஊர்ச் சாதியைத் துரைமார் கலைக்கவில்லை. வேலை வாங்க அது தோதாக இருந்தது. பிணம் தூக்கவும் பறை கொட்டவும் யாரைக் கூப்பிட்டிருப்பார்கள் என்பது நாம் கேட்டே ஆகவேண்டிய கேள்வி.

புகைபோக்கி சின்னமாகிவிட்டது. பத்துக்குப் பன்னிரண்டு அடி லயக் காம்பரா ஆகவில்லை. ஏன்னா மலையகத்தில் சனங்க இன்னும் அதுக்குள்ளேதான் குடியிருக்காங்க. அதைச் சின்னமாக்கணும்னா முதல்ல அவங்களுக்கு நிலமும் வீடும் வேணும். 1948இல் குடியுரிமையைப் பறிகொடுத்து, அதைத் திரும்ப வாங்கவே அரை நூற்றாண்டுக்கு மேல் காத்துக் கிடந்தவர்கள் இவர்கள்.

ஹந்தானையில் 1925இல் கட்டிய தேயிலைத் தொழிற்சாலை 2001இல் அருங்காட்சியகமானது. இயந்திரங்கள் பளபளக்கின்றன, டெய்லருக்கும் அங்கே இடம் உண்டு. கம்பளைப் பக்கம் பழைய பீகொக் தோட்டத்திலோ, தொழிலாளர் அருங்காட்சியகம் ஒன்று லயத்துக்குள்ளேயே இருக்கிறது. உழைத்தவர்கள் புழங்கிய பொருட்களைத் தேடிச் சேர்த்திருக்கிறார்கள். அரசு செய்த காரியமில்லை, சமூக அபிவிருத்தி நிறுவனம் செய்தது. லூல்கந்துர போகிற தோழர்கள் முதலில் அந்த லயத்துக்குப் போங்கள்.